தலைக்கு ஒன்றும் போடவில்லை

அத்தியாயம் 9

சதுரங்கப்பட்டினத்தில் ஏறிய பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஜெனிட்டாவின் வலது கை ஏழு தடவை தலைக்குப் போய் வந்துவிட்டது. மார்கரெட் எண்ணிக்கொண்டுதான் வந்தாள். எட்டாவது தடவை மகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வுடும்மா. நான் இன்னா சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளயா இருந்தா ஒண்ணு வெச்சிருப்பேன். பேசாம குந்து."

"நாலு நாளா அடங்கித்தான் இருந்திச்சி. இன்னைக்குன்னு பாத்து மறுபடியும் புடுங்குது."

மார்கரெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு நாள் ஏன் அடங்கியது, இன்றைக்கு ஏன் அடங்கவில்லை என்பது அந்த பஸ்ஸில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ரகசியம் அவளுடைய கைப்பையில், குடைக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் படுத்திருந்தது.

ஜெனிட்டாவின் தலை அவளுடைய சொந்தத் தலையாக இல்லாமல் போய் இருபது நாளாகிறது. மறைமலைநகரில், கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பெயிண்ட் அறைக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பம்பரையும் தூசியை ஒட்டி எடுக்கும் துணியால் துடைத்து அனுப்ப வேண்டும். ஒரு தூசி இருக்கக் கூடாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, அதற்கு மேலே முக்காடு மாதிரி ஒரு தொப்பி. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, கிரீம் கூடாது, சென்ட் கூடாது. எண்ணெய் காணாத தலை வறண்டது, வறண்டது வெடித்தது, வெடித்தது வெள்ளை வெள்ளையாக உதிர ஆரம்பித்தது. தூசியைத் துடைக்கிறவளே தூசியைக் கொட்டினால் எந்தக் கம்பெனி பொறுத்துக்கொள்ளும்?

சூப்பர்வைசர் கிருபாகரன் கெட்ட மனிதர் இல்லை. போன வாரம் ஜெனிட்டாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாசக் கடைசில பர்மனென்ட் லிஸ்ட் வருதும்மா. உன் பேரு கீது. அதுக்குள்ள தலையை டாக்டராண்ட காட்டி, சீட்டு வாங்கிகினு வந்துடு" என்றார். இதைவிட நல்லவிதமாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

பர்மனென்ட். மார்கரெட்டின் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். மார்கரெட் மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் பதினோரு வருடமாக அறை பெருக்கி, மெத்தை விரிப்பு மாற்றுகிறாள். இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். மூன்று தலைமுறையில் முதல் தடவையாக ஒருத்தியின் பெயர் அந்த லிஸ்ட்டில் ஏறப்போகிறது. அது ஒரு பொடுகினால் நின்றுபோனால் மார்கரெட்டுக்கு மனசு ஆறுமா?

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் நடந்து முடிந்தாயிற்று. வெந்தயம், கற்றாழை, புளித்த தயிர். சின்ன வெங்காயச் சாறு தேய்த்த அன்று கம்பெனி பஸ்ஸில் ஜெனிட்டாவுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாகவே இருந்ததாம். அப்பா முத்துசாமிக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். "கடலாண்ட போரு போட்டா உப்புதான் வரும். உப்புத் தண்ணில குளிச்சா கருவாடு ஆவாம இன்னா ஆவும்?" என்று சொல்லிவிட்டு, தினமும் விடியற்காலையில் டி.வி.எஸ்.ஸில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் பிடித்து வருகிறார். இன்று காலையிலும் கேனை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிப் போனார். அந்த மனுஷனுக்கு அன்பு காட்ட அந்தக் கேன் இரண்டும்தான் தெரியும்.

மார்கரெட் காட்டிய அன்புதான் கைப்பையில் இருந்தது.

ரிசார்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை ஸ்டோரில் ஒரு மாதம் வைப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்றால், அந்த அறையைச் சுத்தம் செய்த பெண்ணுக்கே கொடுத்துவிடுவார்கள். பாதி தீர்ந்த ஷாம்பு, ஒற்றைச் செருப்பு, படிக்காத புத்தகம் என்று எது வேண்டுமானாலும் வரும். போன சனிக்கிழமை மார்கரெட்டுக்கு வந்தது ஒரு சின்னக் கண்ணாடி சீசா. உள்ளே தேன் நிறத்தில் முடிக்குப் போடும் சீரம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பட்டு மாதிரி வழுக்கியது, பிசுக்கே இல்லை. சீசாவின் முன்பக்கம் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ இருந்தது. எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆயில் ஃப்ரீ. எண்ணெய் இல்லை.

கம்பெனியில் எண்ணெய்தானே கூடாது? இதில்தான் எண்ணெயே இல்லையே!

ஜெனிட்டாவிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். அவளுக்குக் கம்பெனி சட்டம் என்றால் வேதவாக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் தலை பின்னிவிடும்போது, சீப்பில் நாலு சொட்டு விட்டு வாரினாள். "இன்னாம்மா ஈரமா கீது?" என்று மகள் கேட்டதற்கு, "சீப்ப தண்ணில நனைச்சிகினேன்" என்றாள். அன்று மத்தியானம் ஜெனிட்டா பாயில் விழுந்தவள் சாயங்காலம் வரை புரளாமல் தூங்கினாள். சொறியும் சத்தம் இல்லாத வீட்டை மார்கரெட் மறந்தே போயிருந்தாள். கதவோரம் உட்கார்ந்து மகள் தூங்குவதைப் பார்த்துக் கண் கலங்கினாள். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் அதே சீப்பு, அதே பொய்.

இன்றைக்கு வியாழன். டாக்டரிடம் போகும் நாளாயிற்றே என்று சீப்பை வெறும் சீப்பாகவே வைத்து வாரிவிட்டாள். அரிப்பு திரும்பி வந்துவிட்டது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தோல் ஓ.பி. வரிசை வராந்தா தாண்டி வெளியே நின்றது. சீட்டு வாங்க ஒரு வரிசை, அதைக் காட்ட ஒரு வரிசை. இருவரும் சுவரோரம் நின்றார்கள். ஜெனிட்டாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் முகத்தில் தன் களைப்பைப் பார்க்க மார்கரெட்டுக்குச் சகிக்கவில்லை.

"நேத்து ஷிஃப்ட்ல பெரிய பேஜாராயிடுச்சிம்மா" என்றாள் ஜெனிட்டா.

"இன்னா ஆச்சி?"

"முப்பத்தெட்டு பம்பரு போச்சு. பெயிண்ட் அடிச்சி வெளிய வந்தா, மேல சின்னச் சின்னதா குழி. பெயிண்ட் அந்த எடத்துல ஒட்டவே இல்ல. திங்கக்கெழம நாலு வந்திச்சி, செவ்வாக்கெழம பத்து. நேத்து லைனையே நிறுத்திட்டாங்க."

"மிஷினு ரிப்பேரா?"

"மிஷின் இல்ல. யாரோ தலைக்கு இன்னாத்தையோ போட்டுகினு வந்துகீறாங்க. அந்தக் கையால பம்பரத் தொட்டா அவ்ளோதான்."

மார்கரெட் மகள் பக்கம் திரும்பினாள். "எண்ணெயா?"

"எண்ணெயக் கூட தொடச்சி எடுத்துடலாமாம். இது அதவிட மோசம். சிலிக்கோன்னு சொல்றாங்க. ஜெல்லு, கண்டிஷனரு, சீரம், இதுல எல்லாம் கீதாம். ஒரு சொட்டு இருந்தா போதும், நூறு பம்பரு காலி."

சீரம். மார்கரெட்டின் கை தானாகக் கைப்பையை இறுக்கிக்கொண்டது. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜெனிட்டாவின் கை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொப்பிக்குள் போய் வரும். இருபது நாள் பழக்கம். அந்தக் கைதான் பம்பரைத் துடைக்கிறது.

"யாருன்னு கண்டுபுடிச்சாங்களா?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எல்லாரும் ஜோயலத்தான் சொல்றாங்க."

ஜோயல்! போன வாரம் மார்கரெட் தெருமுனையில் வைத்து லெப்ட் ரைட் வாங்கினாளே, அதே ஜோயல்தான், ஜெனிட்டாவோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவன். பஸ்ஸைத் தவறவிட்ட ஜெனிட்டாவை பைக்கில் கொண்டுவந்து இறக்கியது அவன் செய்த குற்றம். அவன் முடி புருவம் வரை வந்து பளபளவென்று நின்றது அதைவிடப் பெரிய குற்றம். "அரை டப்பா ஜெல்லு பூசிகினு சுத்துறவனுக்கு என் பொண்ணுகூட இன்னா பேச்சு?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

"அவன் ஜெல்லு போடறவன்தான?" என்றாள் மார்கரெட். கேட்கும்போதே நாக்கு கூசியது.

"வேலைக்கு வந்ததுலேந்து தொடறதில்லம்மா. தண்ணி வெச்சி வாருறான், அவ்ளோதான். பாத்தா ஜெல்லு மாதிரி கீது. யாரு நம்புறாங்க?"

அவர்கள் முறை வருவதற்கு மணி பத்தரை ஆகிவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் சிநேகா என்று இருந்தது. ஜெனிட்டாவின் பின்னலை அவிழ்க்கச் சொல்லி, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. பொடுகுலயே கொஞ்சம் முத்தின வகை. வேர்வை, தொப்பி, தூக்கமில்லாதது எல்லாம் சேந்து கெளப்பி விட்டிருக்கு. எழுதித் தர்ற ஷாம்புவ வாரம் ரெண்டு நாள் போட்டு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு அலசு. நாலு வாரத்துல நல்லா குறையும். நகத்தால சொறியாத. ரொம்ப அரிச்சா விரல் நுனியால அழுத்திக்க." டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, கையுறை போட்ட இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். "தலைக்கு வேற ஏதாவது போடறியாம்மா?"

"ஒண்ணும் போடல டாக்டர். கம்பெனில வுட மாட்டாங்க."

"நிச்சயமா? முடி வழவழன்னு இருக்கே."

"சத்தியமா போடல. வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க."

டாக்டர் நிமிர்ந்து மார்கரெட்டைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். மார்கரெட் சுவரில் ஒட்டியிருந்த தேமல் படத்தைப் பார்த்தாள். அந்த சீசாவை டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம் என்றுதான் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். இப்போது அது இரும்புக் குண்டாய்க் கனத்தது.

"ஆமா டாக்டர். தலைக்கு ஒண்ணும் போடல."

டாக்டர் சீட்டில் அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மருந்து வாங்கும் ஜன்னலில் நிற்கும்போது ஜெனிட்டாவுக்கு போன் வந்தது. இரண்டடி தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜோயல்தாம்மா பேசினான். காலைலேந்து அவன ஆபீஸ்ல உக்கார வெச்சிகீறாங்களாம். நான்தான் போட்டுகினு வந்தேன்னு எழுதிக் குடுத்தா, கொஞ்ச நாளு சஸ்பெண்டு மட்டும்தானாம். எழுதித் தரலன்னா கார்டைப் புடுங்கிகினு வேலைய வுட்டே அனுப்பிடுவாங்களாம். எழுதித் தந்துடறேன்னு சொல்றான்."

"செய்யாததுக்கு எதுக்கு எழுதித் தரணும்?"

"சண்ட போட தெம்பில்லன்றான்."

மார்கரெட்டுக்கு அந்தக் களைப்பு புரிந்தது. அறை எண் பதினாலில் ஒரு மோதிரம் காணாமல் போனபோது, கிடைக்கும் வரை இரண்டு நாள் அவளையும் இப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம், எடுத்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

ஆனால் மனசு லேசுப்பட்டதா? ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அது நூறு கணக்குப் போட்டது. சீட்டில் டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜெனிட்டா மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாசக் கடைசியில் லிஸ்ட். பிடிக்காத பையனும் தானாக விலகிப் போவான். இந்த சீசாவைக் கொளவாய் ஏரியில் விட்டெறிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதை நினைக்கவே மார்கரெட்டுக்கு வெட்கமாக இருந்தது.

ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் இரண்டரைக்குக் கம்பெனி பஸ் வரும். நிழற்குடையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார்கள். லெமன் சாதம். ஜெனிட்டா இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவைத்தாள்.

"நான் போயி கிருபாகரன் சாராண்ட பேசப் போறேன். அவன் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னா? இன்னா தெரியும்?"

"அவனத் தெரியும்மா. அது போதாதா?"

மார்கரெட் எந்த முன்னேற்பாடும் இல்லாமல், கைப்பையைத் திறந்து சீசாவை எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

"அவன் இல்லடி. நான்."

ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை.

"சீப்ப நனைச்சிகினேன்னு சொன்னேன்ல? தண்ணி இல்ல. இதான். நீ ராப்பகலா சொறியறத என்னால பாக்க முடியலடி. எண்ணெய் இல்லன்னு போட்டிருந்திச்சி. எழுத்துக் கூட்டிப் படிச்சித்தான் எடுத்தேன்."

ஜெனிட்டா சீசாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். உதடு அசைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"டைமெத்திகோன். அந்த சிலிக்கோன்தான். இந்தப் பேரு எங்க கேட்டாண்ட போர்டுல செவப்புல எழுதிகீதும்மா. தெனம் அதத் தாண்டித்தான் உள்ள போறேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மார்கரெட்டுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பின்னலை முன்னால் இழுத்து, முகர்ந்து பார்த்தாள். அப்புறம் பின்னலைக் கையில் பிடித்தபடியே ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுடி. ஏதாவது சொல்லு."

"நாலு நாளு நல்லாத் தூங்கினேன்" என்றாள் ஜெனிட்டா. "கர்த்தர்தான் கண்ணு தொறந்தாருன்னு நெனச்சேன்."

மார்கரெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வியர்வை துடைக்கிறாள் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நான் போய் சொல்லிடறேன்" என்றாள் ஜெனிட்டா.

"உன் பேர லிஸ்ட்லேந்து எடுத்துடுவாங்க."

"எடுத்துடுவாங்க."

"வேணாம் ஜெனி. கொஞ்சம் யோசி."

"அவன அனுப்பினா உனக்குப் பரவால்லயாம்மா?"

மார்கரெட் டிபன் டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பரவாயில்லை என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதை மகளிடம் சொல்ல இந்த ஜென்மத்தில் அவளால் முடியாது.

வெள்ளை பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஜெனிட்டா எழுந்து கழுத்து அட்டையை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள், மார்கரெட் அவள் கையிலிருந்த சீசாவைப் பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறிவிட்டாள்.

"அம்மா, இது கம்பெனி வண்டி" என்றார் டிரைவர் திருநாவுக்கரசு. "கார்டு இல்லாதவங்க ஏறக் கூடாது."

"தெரியும் அண்ணாத்த. கம்பெனிக்குத்தான் போறேன்."

"வெளியாள ஏத்தினா என் வேலைக்கு வெனை."

"வழில எறக்கி வுடு. அங்கேந்து நடந்து போறேன். இன்னைக்கு நான் அங்க போயே ஆவணும்."

பின்னால் ஏறியவர்கள் நின்றார்கள். திருநாவுக்கரசு அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சீசாவைப் பார்த்தார், கீழே படியருகில் விறைத்து நின்ற ஜெனிட்டாவைப் பார்த்தார். "கேட்டுக்கு முன்னாடி திருப்பத்துல எறங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் பரனூரை நெருங்கியது.

"உள்ள வுட மாட்டாங்கம்மா" என்றாள் ஜெனிட்டா.

"கேட்ல நிக்கறேன். சாரு வெளிய வரட்டும். போட்டவ நான். எழுதிக் குடுக்கறதா இருந்தா நான் எழுதிக் குடுக்கறேன்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்தப் பையன் காலைலேந்து சோறு தின்னானோ இல்லியோ."

ஜெனிட்டா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை மெல்லத் தலைக்குப் போனது. மார்கரெட் அதைப் பிடித்து இறக்கினாள். அப்புறம் தன் விரல்களை மகளின் கூந்தலுக்குள் விட்டு, நகம் படாமல், நுனியால் மட்டும் அழுத்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிட்டா கண்ணை மூடி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் கிருபாகரன் சாரின் பெயர்.

"எடுக்கவாம்மா?"

மார்கரெட் விரல்களை எடுக்காமல், இன்னொரு கையை நீட்டினாள்.

"என்னாண்ட குடு."